ரா வீகனுக்கு மாறும்போது வாய் நமநமத்தால்: எந்த வழி யாருக்குச் சரி?

சமைக்காத தாவர உணவுக்கு, அதாவது ரா வீகனுக்கு, மாறுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் தடுமாறுவதில்லை. காலையில் பழம், மதியம் ஒரு பெரிய கிண்ணம் சாலட் என்று எல்லாம் ஒழுங்காகவே போகும். சாயங்காலம் நாலு மணிக்கு மேலும், ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும்தான் வாய் நமநமக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு சிப்ஸ் பாக்கெட் கண்ணில் பட்டால் அன்றைய கதை முடிந்தது. மறுநாள் காலையில் மனசு குறுகுறுக்கும், நாலைந்து முறை இப்படி ஆனதும் 'இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது' என்று மொத்தத்தையும் கைவிட்டு விடுவார்கள். இந்த நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்: பழம் சாப்பிடு, நட்ஸ் சாப்பிடு, உலர்த்தும் மெஷின் வாங்கு, தண்ணீர் குடித்துப் பொறுத்துக்கொள், சாயங்காலம் மட்டும் வேகவைத்தது சாப்பிடு. எல்லாமே யாரோ ஒருவருக்குச் சரிதான். உங்களுக்கு எது என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வாரங்களில் வருகிற இந்த நமநமப்பில் பெரும்பகுதி நாக்கின் சபலம் இல்லை, நிஜமான பசி. அதைச் சபலம் என்று நினைத்து அடக்கப் பார்ப்பதால்தான் இத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள். அதனால் எந்த நொறுக்குத்தீனி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம்.

100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரி, தக்காளியில் 18, கேரட்டில் 41, ஆப்பிளில் 52, வாழைப்பழத்தில் 89. அதே 100 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில் ஏறக்குறைய 530. வெள்ளரி, தக்காளி, கீரை, கேரட் எல்லாம் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்த 300 கிராம் சாலட் கண்ணுக்கு மலை மாதிரித் தெரியும், ஆனால் அதில் 100 கலோரிகூட இருக்காது. அதற்கு முன்பு அதே நேரத்தில் 500, 600 கலோரி சாப்பிட்டுப் பழகிய உடம்பு அது. வயிறு நிறைந்த உணர்வு இருக்கும், இரண்டு மணி நேரம் கழித்து எதையாவது உருட்டத் தோன்றும். இதில் மன உறுதிக் குறைவு எங்கே இருக்கிறது? கிண்ணத்தில் எரிபொருளே இல்லை.

ஆகவே முதல் சோதனை இது. நமநமப்பு வரும்போது, இப்போது இரண்டு வாழைப்பழம் கொடுத்தால் சாப்பிடுவேனா என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி. அதற்கு மருந்து சாயங்காலத் தீனியில் இல்லை, மதியச் சாப்பாட்டில் இருக்கிறது: சாலட்டில் ஒரு அவகாடோ, ஒரு பிடி சூரியகாந்தி விதை, கூடவே மூன்று நாலு பழம். வாழைப்பழம் வேண்டாம், அந்த மொறுமொறுப்பான உப்புச் சாமான்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், அப்போதுதான் அது நாக்கின் கேள்வி. கீழே உள்ள ஒப்பீடு அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் உதவும்.

நாக்கு எதைத் தேடுகிறது என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்பு ஒன்று, கடித்தால் நொறுங்கும் சத்தம் ஒன்று, வறுத்த மணம் ஒன்று. இந்த மூன்றாவதுதான் சிக்கல். ரொட்டி சிவப்பது, காபிக்கொட்டை வறுபடுவது, பிஸ்கட்டின் ஓரம் பொன்னிறமாவது எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது மெய்லார்ட் வினை. 1912இல் லூயி கமீல் மெய்லார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதை விவரித்தார். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. அடுப்பில் அது வேகமாக நடக்க 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். உணவைச் சூடாக்க ரா உணவுக்காரர்கள் வைத்துக்கொள்ளும் எல்லையோ 40 முதல் 48 டிகிரிக்குள். ஆக, எந்த மெஷின் வாங்கினாலும், எந்தச் செய்முறையைப் பின்பற்றினாலும் வறுத்த மணம் வராது. 'சிப்ஸ் மாதிரியே இருக்கும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த எதிர்பார்ப்போடு கடித்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். உப்பு விஷயத்தில் நிலைமை நல்லது. உப்பைக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் இருந்து ஓரிரு மாதங்களுக்குள் பழகிக்கொள்கிறது, முன்பு சப்பென்று இருந்த தக்காளி தானாகவே ருசிக்க ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் சாலட்டில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, ரா உணவில் அந்த வரம்பைத் தொடுவதே கஷ்டம்.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாக வருவோம்.

முழுப்பழம்

எனக்கு இதுதான் முதல் இடம், அதுவும் பெரிய இடைவெளியில். காரணம் இனிப்பு இல்லை, மெல்லும் வேலை. 1977இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. ஒரே அளவு மாவுச்சத்து இருக்கும்படி ஆப்பிளை முழுசாக, கூழாக, சாறாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சாற்றை முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகமாக உள்ளே தள்ள முடிந்தது, வயிறு நிறைந்த உணர்வு முழு ஆப்பிளுக்குத்தான் அதிகம். 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆப்பிள் சாப்பிட வைத்தார்கள். அந்த ஆப்பிளையும் கணக்கில் சேர்த்த பிறகும் மொத்தக் கலோரி 15 சதவீதம் குறைந்தது. எடை குறைக்க நினைப்பவருக்கு இது நல்ல செய்தி. ரா உணவில் ஏற்கெனவே எடை அளவுக்கு மீறிக் குறைந்துகொண்டிருப்பவர் மட்டும் இதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பழம் வயிற்றை நிரப்பி நட்ஸுக்கும் விதைக்கும் இடமில்லாமல் செய்துவிடும்.

பழத்தில் பலர் கவனிக்காதது பழுத்த பக்குவம். பச்சை ஓரம் மாறாத வாழைப்பழத்தில் சர்க்கரையாக மாறாத ஸ்டார்ச் இன்னும் நிறைய இருக்கும், சாப்பிட்டால் வயிறு மந்தமாகும், இனிப்பும் இருக்காது, பிறகு கை பிஸ்கட்டைத்தான் தேடும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகு சாப்பிட்டால் அதே பழம் வேறு சாமான். அதனால் ஒரே நாளில் பழுக்கும்படி மொத்தமாக வாங்காமல், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று பழுக்கும்படி பார்த்து வாங்கி வையுங்கள். நாலு மணிக்கு எடுத்துச் சாப்பிடத் தயாராகப் பழுத்த பழம் வீட்டில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதில் குறை என்றால் பல். 1999இல் ஜெர்மனியில் ரா உணவுக்காரர்களின் பற்களைப் பரிசோதித்தபோது மற்றவர்களைவிட அவர்களுக்கு எனாமல் அரிப்பு அதிகம் இருந்தது தெரியவந்தது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்புப் பழத்தைக் கொறித்துக்கொண்டே இருப்பது பல்லுக்கு மோசம். ஒரே தடவையாகச் சாப்பிட்டு முடித்து, வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குவது நல்லது. சாப்பிட்ட கையோடு துலக்கினால் இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம்.

பேரீச்சம்பழமும் மற்ற உலர்பழங்களும்

இனிப்பு ஏக்கத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. 100 கிராம் மெஜூல் பேரீச்சையில் 277 கலோரி. சாக்லேட் கேட்கிற நாக்குக்கு இப்படிச் செய்து கொடுத்துப் பாருங்கள்: பேரீச்சையை நீளவாக்கில் கீறி, விதையை எடுத்துவிட்டு, உள்ளே ராத்திரி ஊறவைத்த ஒரு பாதாமை வைத்து மூடி, மேலே இரண்டு மூன்று உப்புக்கல் மட்டும் தூவி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். வெளியே கெட்டிப்பட்ட மிட்டாய் மாதிரி இழுபடும், உள்ளே பாதாம் நறுக்கென்று உடையும். மூன்று சாப்பிட்டால் போதும் என்று ஆகிவிடும், குளிர்ந்து இறுகியிருப்பதால் வேகமாக விழுங்கவும் முடியாது.

ஆனால் பாக்கெட்டோடு எடுத்து உட்கார்ந்தால் எத்தனை போனது என்றே தெரியாது. பல்லில் ஒட்டிக்கொள்வதில் புதுப்பழத்தைவிட இது மோசம். என் அபிப்பிராயத்தில் இது சாப்பாட்டுக்கு ஒட்டி வருகிற இனிப்பாக இருக்கட்டும், தனியாகக் கொறிக்கும் தீனியாக வேண்டாம்.

நட்ஸ்

கலோரிப் பற்றாக்குறைதான் உங்கள் பிரச்சினை என்று மேலே சொன்ன சோதனையில் தெரிந்திருந்தால், பழத்தோடு இதையும் சேர்த்தே ஆக வேண்டும். 100 கிராம் பாதாமில் 579 கலோரி என்று அட்டவணையில் இருக்கும். ஆனால் 2012இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களை வைத்தே அளந்து பார்த்தபோது, 28 கிராம் முழுப் பாதாமில் இருந்து உடம்புக்குக் கிடைப்பது சுமார் 170 இல்லை, 129தான் என்று வந்தது. நாம் மெல்லும்போது உடையாத செல்களுக்குள் கொழுப்பு மாட்டிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடுகிறது. 2016இல் அதே குழுவினர் பாதாம் வெண்ணெயையும் சோதித்தார்கள், அதில் இந்தத் தள்ளுபடி கிடைக்கவில்லை, அட்டவணையில் இருப்பது முழுசாகவே உள்ளே போகிறது. எடை குறையாமல் இருக்க வேண்டியவர் நட்ஸை வெண்ணெயாக அரைத்துச் சாப்பிடலாம். அளவு மீறுவோமோ என்று பயப்படுபவர் முழுசாக மென்று சாப்பிடலாம். ஒரே சாமான், ஆளுக்குத் தகுந்த மாதிரி.

ஊறவைத்தால் மொறுமொறுப்பு போய்விடும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எட்டு மணி நேரம் ஊறிய பாதாம் இரண்டு விரலால் அழுத்தினால் தோலை விட்டு வழுக்கி வரும், உள்ளே வெள்ளையாக, பால் பிடித்த மாதிரி, இளசாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும், ஆனால் நாக்கு சிப்ஸைக் கேட்கும் நேரத்தில் அது உதவாது. அந்த நேரத்துக்கு ஊறாத வால்நட்டோ பூசணி விதையோ தேவலை.

இன்னொன்று, 'ரா' என்று எழுதியிருக்கும் முந்திரி பெரும்பாலும் பச்சை இல்லை. முந்திரி ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால் ஓட்டை உடைக்கும் முன் ஆவியிலோ சூட்டிலோ பதப்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் விளையும் பாதாமையும் 2007 முதல் கிருமி நீக்கம் செய்துதான் அந்த நாட்டுச் சந்தையில் விற்கிறார்கள். கொள்கைப் பிடிப்போடு இருப்பவர்களுக்கு இது உறுத்தும். என்னைக் கேட்டால், நொறுக்குத்தீனியில் இருந்து மீள வந்தவர் முந்திரி எத்தனை டிகிரியைப் பார்த்தது என்று துருவிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

காய்கறித் துண்டும் தொட்டுக்கொள்ள ஒரு அரைப்பும்

உப்பும் மொறுமொறுப்பும் கேட்கிற நாக்குக்கு என்னுடைய முதல் சிபாரிசு இதுதான். கேரட், செலரி, குடமிளகாய், முள்ளங்கி, இளம் சுரைக்குடும்பக் காய்களில் சுக்கினி, எதுவானாலும் விரல் நீளத்துக்கு வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சாயங்காலம் எடுக்கும்போது கடித்தால் சத்தம் வரும். சூடான இடத்தில் வாடிக் கிடக்கும் கேரட்டைக் காட்டி நாக்கை ஏமாற்ற முடியாது. காயில் கலோரி குறைவு என்பதால் அரைப்பில் கொழுப்பு இருக்க வேண்டும்: ஊறவைத்த சூரியகாந்தி விதை, எலுமிச்சை, ஒரு பல் பூண்டு, உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மை போல் அரைத்தால் முடிந்தது. மூன்று நாள் ஃப்ரிட்ஜில் நிற்கும். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு உறிஞ்சுவதற்கும் அந்தக் கொழுப்பு தேவைப்படுகிறது.

இதே இடத்தில் சிலர் முளைகட்டிய பயறுகளைச் சிபாரிசு செய்வார்கள். இதில் நான் தயங்குகிறேன், காரணம் இருக்கிறது. முளை வளர்வதற்குத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும்தான் பாக்டீரியாவுக்கும் தேவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 3,800 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைத் தொடவே கூடாது. சிவப்பு ராஜ்மா வகைப் பயறைப் பச்சையாக யாருமே சாப்பிடக் கூடாது, முளைகட்டினாலும் சரி: அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் கொதிக்கவைத்தால்தான் அடங்கும், ஒரு சில பயறு போதும் வாந்தி எடுக்க வைக்க.

உலர்த்திய சிப்ஸ், கிராக்கர்

ரா வீகனுக்கு மாற முடிவு செய்தவர்கள் முதலில் வாங்க நினைப்பது உலர்த்தும் மெஷின். வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், முதல் மாதத்தில் வேண்டாம் என்கிறேன். ஆளி விதை கிராக்கர் எப்படி ஆகிறது என்று பாருங்கள். விதையை ஒன்றரை பங்கு தண்ணீரில் ஊறவைத்தால் அதைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை திரளும். மாவு சேர்க்காமலே அந்தப் பசைதான் எல்லாவற்றையும் பிடித்துவைக்கும். துருவிய கேரட், தக்காளி, உப்பு, மிளகாய் சேர்த்துத் தட்டில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். ஓரம் கனமாக விட்டால் நடு காய்ந்து உடையும்போது ஓரம் இன்னும் தோல் மாதிரி இழுபடும். ஐந்தாறு மணி நேரம் கழித்துத் திருப்பிப் போட்டு, மொத்தம் 12 முதல் 18 மணி நேரம். வாய் நமநமப்பது இப்போது, கிராக்கர் வருவது நாளைக்கு. வாரம் ஒரு நாள் ஒதுக்கி மொத்தமாகச் செய்து டப்பாவில் அடைத்து வைக்கும் ஒழுங்கு உள்ளவருக்கு மட்டுமே இந்த வழி நிற்கும்.

மெஷின் இல்லாமல் ஓவனில் செய்யலாமா என்றால், பல ஓவன்களில் மிகக் குறைந்த சூடே 50 டிகிரியைத் தாண்டிவிடும். கண்டிப்பான எல்லைக்குள் நிற்க விரும்பாதவர் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துச் செய்து பார்க்கலாம். அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

மொறுமொறுப்பில் இதற்கு ஈடு ரா உணவில் கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வறுத்த மணம் இல்லாவிட்டாலும் கடிக்கிற சத்தம் அப்படியே வரும். ஆனால் அந்தச் சத்தத்தோடு பழைய பழக்கமும் கூடவே வருகிறது. ஒரு பெரிய கட்டுக் கீரையில் முந்திரி அரைப்பைத் தடவி உலர்த்தினால், தண்ணீர் போய்ச் சுருங்கி ஒரு கைப்பிடிச் சிப்ஸ் ஆகிவிடும், அந்த அரைப்பு மட்டும் அப்படியே இருக்கும். படம் பார்த்துக்கொண்டு கிண்ணத்தில் கைவிட்டு எடுக்கும் பழக்கத்தை விடத்தான் மாற வந்தீர்கள் என்றால், அதே பழக்கத்தை விலையுயர்ந்த சாமானோடு தொடர்வதற்கு இது வழி செய்யும். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை வைத்து நடந்த ஆய்வில், அதிகம் பதப்படுத்திய உணவை இரண்டு வாரம் சாப்பிட்டபோது, பதப்படுத்தாத உணவைச் சாப்பிட்ட இரண்டு வாரத்தைவிடத் தினம் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாக, அதுவும் வேகமாகச் சாப்பிட்டார்கள். தண்ணீர்ச்சத்து இல்லாத, உப்பும் கொழுப்பும் ஏறிய சிறு துண்டு எதுவானாலும் கை வேகமாகத்தான் போகும் என்பது என் கணிப்பு, அடுப்பு ஏறியதா இல்லையா என்பதால் அது மாறாது. கடையில் பாக்கெட்டில் வரும் ரா கிராக்கருக்கும் இதுவே பொருந்தும்.

ஸ்மூத்தி, கக்காவோ, பாசி

ஸ்மூத்தியைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள், தீனியாக வேண்டாம். வாய் மெல்லக் கேட்கும்போது குடிக்கக் கொடுத்தால் அது திரும்பக் கேட்கும். தினமும் லிட்டர் கணக்கில் பச்சைப் பசலைக்கீரையை அரைத்துக் குடிப்பதும் வேண்டாம், அந்தக் கீரையில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் உடம்பில் ஏறிச் சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ரா சாக்லேட் என்று விற்கும் கக்காவோ கட்டி நல்ல ருசி, ஆனால் உடம்பை விழிக்கவைக்கும் தியோப்ரோமினும் காஃபினும் இருப்பதால் ராத்திரி ஏக்கத்துக்கு அதைத் தின்றால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் நமநமப்பு கூடும். உப்பு ஏக்கத்துக்கு நோரி என்ற கடற்பாசித் தாள் சரியானது, பெரும்பாலும் வாட்டித்தான் விற்கிறார்கள் என்றாலும். கெல்ப் மாதிரியான பாசிகளில் மட்டும் அயோடின் எக்கச்சக்கமாக இருக்கலாம், தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

பொறுத்துக்கொள்வதா, வேகவைத்ததைச் சேர்ப்பதா?

உண்மையான முடிவு இந்த இரண்டுக்கும் இடையில்தான். ஒரு பக்கம், முதல் நாளிலிருந்தே நூறு சதவீதம், ஏக்கம் வந்தால் தண்ணீர் குடி, நட, தாங்கிக்கொள் என்கிற வழி. வீட்டில் தனியாக இருப்பவர், பாக்கெட்டெல்லாம் வெளியேற்றிவிட்டவர், பாதி பாதியாகச் செய்தால் வழுக்கிவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர், இவர்களுக்கு அது ஒத்துவரும். சாப்பிட்டு வயிறும் நிறைந்து, மதியம் போதுமான கலோரியும் போயிருந்தால் ராத்திரி ஏக்கம் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்குவது நிஜம்தான். பசியோடு இருப்பவரிடம் பொறுத்துக்கொள் என்று சொல்வதுதான் அநியாயம்.

இன்னொரு பக்கம், சாயங்காலம் வரை பச்சை, அப்புறம் ஒரு வேளை வேகவைத்த தாவர உணவு. இதைத் தோல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது அதிக நேரம் பசி தாங்குகிறது என்று ஒப்பிட்டார்கள். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு, வெள்ளை ரொட்டியைவிட மூன்று மடங்குக்கு மேல். எண்ணெய் இல்லாமல் வேகவைத்து, எலுமிச்சையும் உப்பும் மிளகும் தூவி இரண்டு உருளைக்கிழங்கு சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ராத்திரி பத்து மணிக்குச் சிப்ஸ் நினைப்பு வருமா என்று பாருங்கள். கொழுத்த சாலட்டோடு அதைச் சேர்த்தால் உங்கள் தட்டில் எண்பது சதவீதம் பச்சையாகத்தான் இருக்கும். திருட்டுத்தனமாகச் சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு 'நூறு சதவீதம் ரா' என்று சொல்லிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர் நீண்டகாலமாக ரா உணவில் இருந்த 513 பேரிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியோ முழுசாக நின்றோ போயிருந்தது, பச்சை உணவின் பங்கு கூடக் கூட அது அதிகமாகவும் இருந்தது. காரணம் முக்கியமாக உடல் எடை ரொம்பக் குறைந்துபோனது. இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உடம்பு போதவில்லை என்று சொல்லும் முதல் வழி பசியும் ஏக்கமும்தான், அதை அடக்கிப் பழகினால் அடுத்தபடியாக இப்படித்தான் சொல்லும்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், முன்பு சாப்பாட்டுக் கோளாறு இருந்து மீண்டவர்கள் முழு ரா வழியை எடுக்கவே வேண்டாம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் இதைத் தொடங்கக் கூடாது, சாயங்காலம் வரும் நடுக்கமும் வியர்வையும் நொறுக்குத்தீனி ஏக்கம் இல்லை, சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். பி12 மாத்திரை எல்லா வீகனுக்கும் கட்டாயம். பெரியவர்களுக்குத் தினம் 2.4 மைக்ரோகிராம் தேவை, மாத்திரையில் உறிஞ்சப்படுவது கொஞ்சம்தான் என்பதால் அதைவிடக் கூடிய அளவில்தான் தருவார்கள். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி பி12, அதை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் வைத்து என் தேர்வைச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு: மதியச் சாப்பாட்டைக் கனமாக்குங்கள், நாலு மணிக்கு நன்றாகப் பழுத்த பழமும் ஒரு பிடி நட்ஸும், உப்பு கேட்டால் குளிர்ந்த காயும் விதை அரைப்பும், ராத்திரிக்கு ஒரு வேகவைத்த சாமான். வேலைக்குப் போகிறவர் காய் அரைப்பை எடுத்துப் போவது சிரமம் என்றால் பேரீச்சையும் வால்நட்டும் பையில் இருக்கட்டும். வீட்டில் மற்றவர்கள் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடும் நேரத்தில் வெறும் வயிற்றோடு பக்கத்தில் உட்காராதீர்கள், அவர்கள் தட்டை எடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே உங்களுடையதைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். உலர்த்தும் மெஷினைப் பற்றி இரண்டாவது மாதம் யோசிக்கலாம், அதற்குள் நாக்கு பாதி பழகியிருக்கும், சிலருக்குத் தேவையே படாது.

வாரம் ஒரு தடவை, அதே நாளில், காலையில் எடை பாருங்கள். எடை ஒரு இடத்தில் நின்று ராத்திரி ஏக்கமும் குறைந்துகொண்டே வந்தால் வேகவைத்ததை மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். எடை இறங்கிக்கொண்டே போய், ஏக்கமும் குறையாமல், கை கால் சில்லிட்டு, தலைமுடி கொட்டினால் அன்றைக்கே இன்னொரு வேளை சமைத்த உணவைச் சேர்த்துவிட்டு, ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போய் வாருங்கள்.